வளவுக்குள்ள வைக்கிற மரமும் காட்டில போற மரமும்

இலங்கையில, திருகோணமலை மாவட்டத்து மூண்டு ஊர்க்காரர் மரத்தைப் பத்திக் கதைக்கினம்.

தம்பலகாமத்திலயிருந்து:
போன மாரி தொடங்க முந்தி எங்கட பக்கம் மரக்கன்று குடுத்த ஆக்களில நானும் ஒருத்தன். மா, தோடை, தென்னை வைச்ச பக்கம் சனம் மொய்ச்சிது. பலகைக்கு வளக்கிற முதிரையைச் சீண்ட ஆளில்ல. வயல்கார ஐயா ஒருத்தர் மட்டும் ஒரு கன்றைத் தூக்கிப் பாத்தார். "தம்பி, இது பலகையாக என்ர பேரனும் கிழவனாகிடுவான். பிறகு தறிக்கப் பெர்மிட், ஏத்தப் பெர்மிட். ஆர் அலையிறது?" எண்டு சொல்லிப்போட்டுத் திருப்பி வைச்சிட்டார்.

அவர் சொன்னதில ஞாயம் இருக்கு. வேற மரங்களுக்கும் இதே கதைதான். பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்க அனுமதி வேணுமெண்டு 1951ஆம் ஆண்டுச் சட்டம். மரத்தைக் காக்கத்தான் கொண்டு வந்தது. ஆனா அந்தக் கரைச்சலுக்குப் பயந்து, வளவில தானா முளைக்கிற பலாவைச் சின்னனிலயே புடுங்கி எறியிற ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

காடு அழிஞ்சா மழை குறையும் எண்டு நான் படிச்சதை எடுத்துவிட்டன். ஐயா சிரிச்சார். "மழை வருது. நிக்குதில்ல." எங்களுக்கு மழையில பெரும்பங்கு ஒக்டோபர் துடக்கம் ஜனவரிக்குள்ள கொட்டித் தீந்திடும். சருகு மூடின நிலமெண்டா அது ஊறிக் கிணத்துக்கு வரும். வெட்டை நிலத்தில மண்ணையும் இழுத்துக்கொண்டு குளத்துக்கு ஓடும். குளம் மேடாகினா சிறுபோகத்துக்கு, அதான் கோடை வெள்ளாமைக்கு, தண்ணி ஏது?

மூதூரிலயிருந்து:
2006இல சண்டையால இடம்பெயர்ந்து திரும்பி வரக்குள்ள எங்கட வளவு வெறும் வெட்டை. வாப்பா முதல்ல நட்டது முருங்கைக் கொப்பு. வெட்டி ஊண்டினாக் காணும், கெதியாக் காய்க்கும். வேம்பு பிறகுதான் வந்தது. கச்சான் எண்டுற வறண்ட தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசங்களில கூரைத் தகரம் பட்டபாடு தெரிஞ்ச ஆக்களுக்கு வேம்பு ஏனெண்டு விளங்கும். ஒண்டு சொல்லோணும், நட்டது வாப்பா, தண்ணி ஊத்தினது உம்மா. கூட்டம் வைச்சு மரத்தைப் பத்திக் கேக்க வாற ஆக்கள் வாப்பாவைத்தான் கூப்பிடுவாங்க.

வெருகல் பக்கத்திலயிருந்து:
இங்க காட்டைப் பத்திக் கேட்டா யானைக் கதைதான் வரும். காட்டை வெட்டி எரிச்சுச் செய்யிற சேனைப் பயிருக்கும் மரத்துக்கும் காடு போகப் போக அது எங்கட வேலிக்குக் கிட்ட வருது. குலை தள்ளின வாழை ஒரு ராவில துப்பரவு. தென்னங்குருத்தும் தப்பாது. எலுமிச்சை, தோடைப் பக்கம் அவ்வளவா வராது. அதால பலபேர் வேலியோரம் எலுமிச்சை வைக்கினம், அதுவும் கச்சானில வாடாமப் பாக்கிறது பெரும்பாடு.

தம்பலகாமத்து அண்ணை, அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தா வாழைக்குட்டி வேணாம். எலுமிச்சை கொண்டு வாங்க. மிஞ்சின முதிரையையும் ஏத்துங்க, குளக்கட்டுக்குக் கீழ பொதுக்காணி கிடக்கு. அங்க வைச்சா ஆரும் தறிக்கப் போறதில்ல, பெர்மிட்டுக்கு அலையவும் தேவையில்ல.