கட்டங்களை எந்தப் பக்கம் திருப்பி இணைத்தீர்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஒட்டுத்துணிப் போர்வைக்காக 20 கட்டமும் தைத்து முடித்து ஒரு மாதத்துக்கு மேல் பைக்குள்ளேயே கிடந்தன. தைப்பதில் பயமில்லை, எதன் பக்கத்தில் எதை வைப்பது என்பதில்தான் கை ஓடவில்லை. நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில். 2007-இல் பெயர் மாறியும் எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அம்மா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் 28 வருடம் பால் வெட்டியவர், அந்த நிலம் முழுக்க இப்போது செம்பனை. அவருடைய பழைய கைலி, நூல் புடவை, வேலைக்குப் போட்டுப்போன முழுக்கைச் சட்டை எல்லாவற்றையும் பட்டை பட்டையாக வெட்டி லாக் கேபின் என்ற டிசைனில் கட்டங்கள் தைத்தேன்.

தைத்துப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் 2 அங்குலச் சதுரம், அதைச் சுற்றி ஒரு அங்குலப் பட்டைகள் ஐந்து சுற்று, முடித்தால் 12 அங்குலம். நடுச் சதுரத்துக்குச் சிவப்பு வைத்தேன், அமெரிக்காவில் இதை வீட்டு அடுப்பு என்று சொல்லிச் சிவப்பு வைப்பது பழைய வழக்கம். அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர் துணி, மற்ற இரண்டு பக்கம் அடர் துணி. அதனால் ஒவ்வொரு கட்டமும் மூலைக்கு மூலை பிரிந்து பாதி வெளிச்சம், பாதி இருட்டு. ஒரு கட்டத்தை நாலு விதமாகத் திருப்பலாம், ஒன்றைத் திருப்பினால் பக்கத்தில் இருப்பதன் முகமும் மாறிவிடுகிறது. மூன்று ராத்திரி இதே வேலை.

முதலில் பார்ன் ரைசிங் ஆசை, நடுவில் தொடங்கி வைரம் வைரமாக விரியுமே அது. அதன் நடுப்புள்ளி நாலு கட்டம் சந்திக்கும் இடத்தில் விழ வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் இரட்டைப்படை எண்ணிக்கை தேவை. என்னிடம் இருப்பது 4க்கு 5. இன்னும் நாலு கட்டம் தைக்க அம்மாவின் கைலி மிச்சமில்லை, கடைத்துணி சேர்க்க எனக்கு மனசில்லை. சரி என்று எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தேன், ரம்பப் பல் மாதிரி வந்தது.

அம்மா நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்து, "கோடு அறுந்து அறுந்து போகுது பாரு" என்றார். ஒன்று விட்டு ஒரு கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினார், அடுத்த வரிசையில் அதையே மாற்றித் தொடங்கினார். இடது மேலிருந்து வலது கீழ் வரை இருட்டும் வெளிச்சமும் நீள நீளமான பட்டைகளாக ஓட ஆரம்பித்தன. மேல் இடதிலிருந்து கீழ் வலது என்பது பால்வெட்டுக் கோடு போகும் திசை, அவர் விடிவதற்கு முன் மரத்துக்கு மரம் இழுத்த கோடு. மரத்தில் 30 டிகிரி சாய்வு, என் கட்டத்தில் 45, அவ்வளவுதான் வித்தியாசம். பிறகுதான் தேடிப் பார்த்தேன், இதற்கு ஸ்ட்ரெயிட் ஃபரோ என்று பெயரே இருக்கிறது, உழவுச்சால். அம்மாவுக்கு அது கோடுதான்.

கைப்பேசியில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்த்தேன், இது எல்லாரும் செய்ய வேண்டியது. அடர் என்று நான் நம்பிய ஒரு ரோஸ் கைலி வெளிர்ப் பக்கத்தோடு சேர்ந்து நின்றது. அந்தக் கட்டத்தை ஓரத்துக்குத் தள்ளினேன்.

இப்போது பிரச்சினை அளவு. சுற்றிலும் தையலுக்கு விடும் கால் அங்குலம் சேர்த்து, இணைப்பதற்கு முன் எல்லாம் பன்னிரண்டரை அங்குலம் இருக்க வேண்டும். சில இருக்கின்றன, சில குறைவு, ஒன்று சரியாக 12. கட்டங்களுக்கு நடுவில் பட்டை கொடுத்துச் சரிக்கட்டலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

கோல கெட்டிலிலிருந்து ஒரு தையற்காரர்:

பட்டை கொடுக்காதே தங்கச்சி. கடைக்கு ஒரு அம்மா இதே மாதிரி கட்டங்கள் கொண்டுவந்தார், அவருடைய அம்மா தைத்து வைத்துப் போனவை. அளவு சேரவில்லை என்று நான் நடுவே 2 அங்குல வெள்ளைப் பட்டை வைத்தேன். அளவு சேர்ந்தது, ஆனால் ஒவ்வொரு கட்டமும் தனித்தனி ஜன்னலாக நின்றுவிட்டது, ஓட வேண்டிய கோடு ஓடவில்லை. அந்த அம்மா காசு கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இன்னும் எனக்கு மனசு உறுத்துகிறது. வேறு வேறு டிசைன் கட்டங்களுக்குப் பட்டை நல்லது, இதற்கு ஆகாது. சிறியது எதுவோ அந்த அளவுக்கு எல்லாவற்றையும் வெட்டு. சிவப்புச் சதுரம் நடுவில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து நாலு பக்கமும் வெட்டு, ஒரே பக்கம் வெட்டாதே. அளவு எங்கே போனது என்றால், குறுக்கே 10 தையல் இருக்கிறது, தையலுக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், போனாலே ஒண்ணேகால் அங்குலம். உனக்கு அரை அங்குலம்தான் போயிருக்கிறது, நல்ல கை.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அக்கா:

நான் கட்டங்களைச் சாய்த்து, மூலை மேலே வருகிற மாதிரி இணைத்தேன். 12 அங்குலக் கட்டம் சாய்ந்தால் 17 அங்குல அகலம், ஒன்பது கட்டத்திலேயே போர்வை பெரிதாகிவிட்டது. ஓரத்து முக்கோணங்களில்தான் தவறினேன். சதுரத்தை இரண்டாக வெட்டி வைத்தேன், நீளப் பக்கம் துணியின் இழைகளுக்குச் சாய்வாக வந்து இழுபட்டு, ஓரமெல்லாம் அப்பள விளிம்பு மாதிரி நெளிந்தது. மொத்தமும் பிரித்தேன். பதினெட்டேகால் அங்குலச் சதுரத்தைக் குறுக்கும் மறுக்குமாக நாலாக வெட்டினால் வெளி ஓரம் நேரிழையில் வரும். மூலைக்கு மட்டும் இரண்டாக வெட்ட வேண்டும். அளவெடுத்துவிட்டு வெட்டுங்கள், நான் வெட்டிவிட்டு அழுதேன்.

மறுபடியும் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து:

அண்ணன் சொன்னபடி எல்லாவற்றையும் 12க்கு வெட்டினேன், தைத்தபின் 46க்கு ஐம்பத்தேழரை அங்குலம். ஒரு வரிசையின் தையல்களை வலது பக்கம் மடித்து இஸ்திரி போட்டேன், அடுத்ததை இடது பக்கம். இரண்டும் ஒன்றில் ஒன்று உட்கார்ந்ததால் மூலைகள் பிசகவில்லை. மூன்று வரிசை சேர்த்த பிறகுதான் பார்த்தேன், இரண்டாவது வரிசையில் ஒரு கட்டம் தப்பாகத் திரும்பியிருந்தது. எனக்குத் தூக்கம், இருக்கட்டும் என்றேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிளேடை வாங்கி, விளக்கடியில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தின் நாலு தையலையும் தானே பிரித்தார். துணியில் ஒரு கீறல் விழவில்லை. திருப்பி வைத்து நாலு ஊசி குத்திவிட்டு, "இப்ப தை" என்றார்.