தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதல் யாட் கிளப் (பாய்மரப் படகுச் சங்கம்) எது?

கிளேர்வுட்காரன்: "டர்பனில் முதல் யாட் கிளப் பாயிண்ட் யாட் கிளப்தான், 1892" என்று ஃபீனிக்ஸ் தம்பி நேற்று அடித்துவிட்டதைப் பார்த்து வயிறு எரிகிறது. ராயல் நேட்டால் யாட் கிளப் 1858ல் ஆரம்பித்தது. ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே பழையது அதுதான். நடுவில் 34 வருஷத்தை எங்கே விழுங்கினீர்கள்?

ஃபீனிக்ஸ் தம்பி: அண்ணே, அந்தக் காலத்தில் துறைமுக வாயை மணல்திட்டு அடைத்துக் கிடந்தது. பெரிய கப்பல் வெளியே நங்கூரம் போடும், ஆட்களைக் கூடையில் வைத்துச் சின்னப் படகுக்கு இறக்குவார்கள். 1904ல் 'ஆர்மடேல் காசில்' என்ற கப்பல் வந்தபோதுதான் தபால் கப்பலே உள்ளே நுழைந்தது. அந்தத் தண்ணீரில் கிளப்பா? நாலு வெள்ளைக்காரர் பந்தயம் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

கிளேர்வுட்காரன்: மணல்திட்டு பெரிய கப்பலுக்குத்தான் எமன். வெளியே இருக்கிற அலையை உள்ளே விடாமல் தடுத்ததே அந்தத் திட்டுதான். வத்தத்தில் சேறு தெரியும், பெருக்கத்தில் குட்டிப் படகில் பாயை விரித்து ஓட்டலாம். விரிகுடாவைப் பார்த்தவன் இப்படிக் கேட்கமாட்டான். 1858.

டொங்காட் அக்கா: எந்த வருஷமானால் என்ன? 1860 நவம்பர் 16ல் ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரோடு சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது. பிறகு அதே விரிகுடாவில், சாலிஸ்பரி தீவில் குடியிருந்து கரைவலை இழுத்தது நம்ம சனம். அவர்களைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினீர்களா?

கிளேர்வுட்காரன்: அக்கா, எங்கள் தாத்தாவே அந்த வலையை இழுத்தவர். மடவை மீன் கூட்டம் தண்ணீரில் கறுப்பாக நகரும். தோணி அரைவட்டமாக வலையை விட்டுக்கொண்டே கரைக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் ஆள் நின்று கயிற்றை இழுப்பார்கள். அவர்களுக்கு நானும் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனால் கிளப் 1858தான்.

ஃபீனிக்ஸ் தம்பி: எல்லாவற்றுக்கும் தாத்தாவைக் கொண்டுவந்துவிடுவீர்களே! போன மாதம் கோயில் தேர் விஷயத்திலும் இப்படித்தான், கடைசிவரை எனக்குப் பதில் வரவில்லை.

கிளேர்வுட்காரன்: தேரை இங்கே இழுக்காதே. அங்கே முதலில் மரியாதை தப்பிப் பேசியது நீ.

வெஸ்ட்வில் பழைய மாணவன்: சாலிஸ்பரி தீவு என்றதும் எழுதத் தோன்றியது. 1961ல் இந்தியருக்கென்று பல்கலைக்கழகக் கல்லூரியை அங்கேதான் திறந்தார்கள், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில். நாங்கள் ஃபெர்ரியில் போய் வந்து படித்தோம்.

டொங்காட் அக்கா: பாருங்கள், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படைக்காக மீனவரை அங்கிருந்து கிளப்பினார்கள். அதே தீவில் அவர்கள் பேரப்பிள்ளைகளை உட்கார்த்திப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். இதைப் பேசுங்களேன்!

ஃபீனிக்ஸ் தம்பி: தலைப்பு யாட் கிளப், அக்கா.

டொங்காட் அக்கா: அப்போ மீனவர் ஓட்டினது படகு இல்லையா?

கிளேர்வுட்காரன்: அக்கா, அதற்குத் தனி இழை திறங்கள், முதல் ஆளாக நான் வருகிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான். தம்பி, 1892க்கு முன்னால் கிளப்பே இல்லை என்று இன்னொரு தடவை எழுது, பார்ப்போம்.

ஃபீனிக்ஸ் தம்பி: எழுதுகிறேன். பாயிண்ட் யாட் கிளப், 1892. அதற்கு முன்னால் இருந்தது கிளப் இல்லை.

கிளேர்வுட்காரன்: 1858!