கட்டுரைகளைச் சோதிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம்.

மாணவர் தரும் கட்டுரையை அவரே எழுதினாரா, செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டறிந்து சொல்லும் கருவி ஒன்றை எங்கள் துறையில் வாங்க இருக்கிறார்கள். அதன் துல்லியத்தைப் பற்றி அறிக்கை தரும் பொறுப்பு என்னிடம் வந்திருப்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

என் கவலைக்குக் காரணம் உண்டு. ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட இத்தகைய கருவி, அந்நிறுவனமே தந்த கணக்கின்படி, இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டுமே அடையாளம் கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகக் குறித்தது. துல்லியம் குறைவு என்பதால் அதே ஆண்டு ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. நூறு மாணவர்களில் பத்துப் பேர் இயந்திரத்தை நாடியதாகக் கொண்டு இந்த விகிதத்தைப் பொருத்தினால், பிடிபடுவோர் ஏறத்தாழ மூவர். செய்யாத தவறுக்குப் பழி சுமப்போர் எட்டுப் பேர். இன்றைய கருவிகள் மேம்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு மாணவரின் நேர்மையை ஐயுற அந்த நம்பிக்கை மட்டும் போதாது என்றே நான் கருதுகிறேன்.

கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில்தான் வெளிவந்தது என்பதால், அதற்கு முந்தைய கட்டுரைகளைப் பெயர் நீக்கி இக்கருவியில் இட்டு, எத்தனை தவறாகக் குறிக்கப்படுகின்றன என்று எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். இத்தகைய சோதனையைச் செய்தவர்கள் எத்தனை கட்டுரைகளை எடுத்தீர்கள், தமிழில் எழுதப்பட்டவற்றுக்கு முடிவு வேறுபட்டதா, குறிக்கப்பட்ட மாணவரிடம் அடுத்து என்ன கேட்டீர்கள் என்பதைத் தயவுசெய்து விரிவாகத் தெரிவியுங்கள்.