துணிப் பையில் வரைந்தபின் மேலே என்ன பூசுகிறீர்கள்?

போன ஐப்பசியில் அக்கா மகள் வளைகாப்புக்கு 40 தாம்பூலப் பை செய்து கொடுத்தேன். எல்லாம் காடாத் துணி. இருபது பையில் ஃபேப்ரிக் பெயின்ட் கொண்டு மயில் வரைந்தேன். நேரம் போதவில்லை, அதனால் மீதிப் பைகளில் பூப்போட்ட பேப்பர் நாப்கினை வெட்டி ஒட்டிவிட்டேன். மர வேலைக்கு வாங்கிய வெள்ளைப் பசை வீட்டில் இருந்தது. அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒட்டினேன், அதையே மேலேயும் இரண்டு முறை பூசினேன். காய்ந்ததும் பளபளவென்று இருந்தது.

விழா முடிகிற நேரம் நல்ல மழை. வந்தவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் பூவெல்லாம் பால் கொட்டினாற்போல் வெளுத்து, கையில் பிசுபிசுத்து, ஒரு பை இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டதாம். எனக்கு மனசே விட்டுப்போனது. மயில் போட்ட பைகளுக்கு எதுவும் ஆகவில்லை. இத்தனைக்கும் அவற்றின் மேல் நான் எதுவுமே பூசவில்லை, பின்பக்கம் அயர்ன் மட்டும் செய்திருந்தேன்.

அதற்குப் பிறகு நிறைய துணித் துண்டுகளில் சோதித்துப் பார்த்தேன். வெள்ளைப் பசை தண்ணீரை இழந்துதான் காய்கிறது. மறுபடி நனைந்தால் தண்ணீரைக் குடித்து ஊதி வெளுத்துவிடும். ஃபேப்ரிக் பெயின்டில் இருப்பது அக்ரிலிக். சூடு பட்டால் அது இளகி நூலைச் சுற்றி ஒரே படலமாக இறுகிக்கொள்ளும், பிறகு தண்ணீரில் கரையாது. துவைக்கப்போகும் துணிக்கு அந்தச் சூடே போதும், மேல்பூச்சு தேவையில்லை என்பது என் முடிவு. சாதா அக்ரிலிக் கலரில் வரைபவர்கள் ஃபேப்ரிக் மீடியம் (கலரைத் துணிக்கேற்ப இளக்கும் திரவம்) கலந்துகொள்ள வேண்டும். கலக்காவிட்டால் வரைந்த இடம் அட்டை மாதிரி விறைத்து, மடிப்பில் வெடிக்கும்.

இப்போது நான் செய்வது இப்படி. புதுத் துணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கஞ்சி போக அலசுவேன். கஞ்சி இருந்தால் பெயின்ட் அதன் மேல்தான் உட்காரும், நூலைத் தொடாது. வரைந்தபின் ஒரு முழு நாள் காயவிடுவேன், மழைக்காலமானால் இரண்டு நாள். பிறகு பையைத் திருப்பி, காட்டன் சூட்டில், நீராவி இல்லாமல், பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாமல் நான்கைந்து நிமிடம் தேய்ப்பேன். அயர்ன் செய்தபிறகும் மூன்று நாள் தண்ணீர் படவிடுவதில்லை. முதல் தடவை ஊறவைக்காமல், பச்சைத் தண்ணீரில் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கையால் கசக்கச் சொல்லி, பையோடு ஒரு சீட்டும் வைத்துவிடுகிறேன்.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை ஆரம்பித்ததிலிருந்து துணிப் பை கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். காய்கறி, மீன், மழை எல்லாவற்றையும் தாங்க வேண்டிய பை. நாப்கின் ஒட்டும் வேலையைக் கைவிடவும் மனசில்லை. யாராவது அதைச் சரியாகச் செய்திருந்தால் சொல்லுங்கள்.

* * *

நான் செய்கிறேன் அக்கா. துணிக்கென்றே தனியாக வரும் மாட் பாட்ஜ் (Mod Podge) என்ற பசையை வாங்குங்கள், ஒட்டவும் மேலே பூசவும் அதுவேதான், பாட்டிலில் ஃபேப்ரிக் என்று போட்டிருக்கும். நாப்கினின் அச்சுப் படிந்த மேல் தாளை மட்டும் பிரித்தெடுத்து ஒட்டி, மேலே மெல்லியதாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொன்று. கெட்டியாக ஒரே தடவையில் அப்பினால் உள்ளே ஈரம் நின்றுவிடும். முக்கியமானது பொறுமை. ஒரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் முழுதாக இறுக 28 நாள் ஆகும். அதற்குமுன் துவைக்கக் கூடாது. வளைகாப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஆரம்பித்தால் இது நடக்காது. 28 நாளுக்குப் பிறகும் கைத் துவைப்புதான், மெஷினில் நான் போட்டதில்லை.

ஸ்ப்ரே வார்னிஷ் பக்கம் போகாதீர்கள். கொலுவுக்குச் செய்த துணிப் பொம்மைகளுக்கு அடித்தேன், நிற்கிற இடத்தில் நிற்பதால் அதற்குச் சரி. அதையே ஒரு பையில் அடித்தபோது மடித்த கோடெல்லாம் வெள்ளையாக விரிசல் விட்டுவிட்டது. வாடையும் கடுமை. மொட்டை மாடியில், முகக்கவசத்தோடுதான் அடிக்க வேண்டும்.

* * *

நான் ஆரி வேலை செய்பவள். எங்களுக்குப் பசை பூசும் வேலை முன்பக்கத்தில் இல்லை, துணியின் அடிப்பக்கத்தில்தான். நூல் முடிச்சுகள் அவிழாமல் இருக்க ஃபேப்ரிக் க்ளூவைப் பல் குத்தும் குச்சி நுனியில் தொட்டு வைப்போம். ஆரம்பத்தில் ஒரு பெண்ணின் கல்யாணப் பட்டு ரவிக்கையில் தாராளமாக வைத்துவிட்டேன். பசை முன்னால் கசிந்து, மாம்பழ மஞ்சள் பட்டில் எண்ணெய் பட்டது போலத் திட்டுத் திட்டாக நின்றது. எடுக்கவே முடியவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றுவரை எனக்கு அது உறுத்தல். இப்போது எந்தப் பட்டானாலும் தையல் விளிம்பில் வெட்டிய துண்டில் ஒரு சொட்டு வைத்து மறுநாள் பார்த்த பிறகே தொடுவேன். கல் ஒட்டிய ரவிக்கையை ட்ரை க்ளீனிங் கொடுக்கும்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில பசை அதில் இளகிவிடும்.

பை ஓரம் பிரிகிறது என்று யாரும் மெழுகுவர்த்தியில் காட்டிவிடாதீர்கள். சாட்டின் ரிப்பன் போன்ற பாலியஸ்டர்தான் உருகி ஒட்டும். பருத்தி எரியும்.

* * *

இரண்டு பேருக்கும் நன்றிம்மா. 28 நாள் கணக்கு எனக்குத் தெரியாது. இன்று நான்கு பையில் ஒட்டிக் கொடியில் போட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் பதினாலாம் நாளிலேயே நனைத்துப் பார்க்கப்போகிறேன், மற்ற மூன்றும் 28 நாள் முடிந்த பிறகு. துவைத்ததும் வந்து சொல்கிறேன்.