ஓரிதழ்த்தாமரையை எப்படி அடையாளம் கண்டீர்கள்?

பல ஆண்டுகள் இந்தச் செடியைத் தவறான உயரத்தில் தேடினேன். பெயரில் தாமரை இருக்கிறதே என்று அகன்ற பூ ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, வறண்ட புதர்க்காடுகளில் நிமிர்ந்தே நடந்திருக்கிறேன். மழை விட்டுச் சில வாரங்கள் ஆன ஒரு காலையில், சூரைப் புதர் ஓரம் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. புல்லோடு புல்லாக ஒரு சாண் உயரச் செடி. ஒடுங்கிய சிறு இலைகள். இலைக்கக்கத்தில் மெல்லிய காம்பு, அதன் நுனியில் ஒற்றைப் பூ. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஓர் இதழ், நாக்கை நீட்டியதுபோல் கீழே இறங்கியிருந்தது. அகலம் விரல் நகத்தளவுதான்.

கைலென்ஸை வைத்துப் பார்த்தபோது இதழ்கள் ஐந்து! மேலே இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, எல்லாம் பொடி இதழ்கள். கீழிதழ் ஒன்றே பெருத்து மற்றவற்றை மறைத்துவிடுகிறது. அதன் அடி சிறு பைபோல் உப்பியிருக்கிறது. குளிர்நாடுகளின் வயலட் பூவும் இதுவும் ஒரே குடும்பம் என்று அதுவரை படித்திருந்தேன். அந்த உப்பலைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அன்று அந்த இடத்தைவிட்டு எழ மனமே வரவில்லை.

மற்றவர்களும் தங்கள் முதல் சந்திப்பை எழுதுங்கள். குறிப்பாக, எதோடு குழப்பிக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

*

நான் குழம்பியது கொழுஞ்சியோடு. இரண்டும் ஒரே கட்டாந்தரையில் நிற்கும். தூரத்தில் இரண்டும் ஊதாப் புள்ளிதான். ஓரிதழ்த்தாமரை என்று நினைத்து நான் எடுத்த படங்களில் பாதி கொழுஞ்சி என்பது வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. இப்போது முதலில் இலையைப் பார்க்கிறேன். கொழுஞ்சிக்கு ஒரே காம்பில் பல சிற்றிலைகள், ஓரிதழுக்குத் தனி இலை. பூவிலும் கொழுஞ்சியின் பெரிய இதழ் மேலே கொடிபோல் நிமிரும், இதன் பெரிய இதழ் கீழே தொங்கும். பூ இல்லாத நாளில் இந்தச் செடியைப் புல்லுக்கு நடுவே கண்டுபிடிப்பது எனக்கு இன்னும் கடினம்தான்.

*

பூ இல்லாவிட்டால் காயைத் தேடுங்கள் ஐயா. உருண்டைக் காய், முற்றியதும் மூன்று பிளவாக விரியும். பிளவுகள் காய்ந்து சுருங்கும்போது உள்ளே இருக்கும் விதைகள் தெறித்து ஓடும். வரிவரியான வெளிர் விதைகள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை வயலட்டோடு சேர்த்து வைத்த பெயரிலேயே 'ஒன்பது விதை' என்ற பொருள் இருக்கிறது.

நூலில் தேடுவோருக்கு ஒன்று. இதன் அறிவியல் பெயர் பழைய நூல்களில் அயோனிடியம் என்றும், பின்னால் வந்தவற்றில் ஹைபான்தஸ் என்றும் இருக்கும். 2015இல் அஃப்ரோஹைபான்தஸ் என்று மாற்றினார்கள். மூன்றும் இதே செடிதான். ஓராண்டுச் செடி என்றும் பல்லாண்டுச் செடி என்றும் நூல்கள் வேறுபடுவதைக் கண்டும் மயங்க வேண்டாம். மழையில் முளைத்துக் கோடையில் காய்ந்துபோவதும் உண்டு, அடி கட்டையாகி நிற்பதும் உண்டு.

நான் ஆண்டுதோறும் போய்ப் பார்க்கும் ஒரு சரளை மேடு இருந்தது. சென்ற முறை போனபோது சிறு சிறு குழிகள் மட்டுமே இருந்தன. மருந்துக்காக யாரோ வேரோடு பிடுங்கிப் போயிருந்தார்கள், பூத்தவை, காய்த்தவை எல்லாவற்றையும். வயிறு எரிந்தது. கொஞ்சமாவது விதைக்க விட்டிருக்கலாமே! திரும்பும்போது அந்தக் குழிகளுக்கு அருகில் எறும்புச் சாரி ஒன்றைக் கண்டேன். இந்த விதையின் ஓரத்தில் எறும்புக்குப் பிடித்த சதைத் துணுக்கு ஒன்று உண்டு, அதற்காக அவை இழுத்துப் போகும். அன்று ஓர் எறும்பின் வாயில் வெளிர் விதை இருந்தது. அது நுழைந்த வளையின் அருகில் ஒரு கல்லை அடையாளம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பார்த்து எழுதுகிறேன்.