போபோஸ் சுற்றுக்காலம் பாதிதான் வருது, உதவி தேவை

லயத்துப் பையன் (சுங்கை சிப்புட்):
வணக்கம். எங்க தோட்டத்துக் கோயில் மண்டபத்துல படிவம் 4 பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஈர்ப்புப் பாடத்துக்காகச் செவ்வாயும் அதோட நிலவு போபோஸும் சுத்துற மாதிரி ஒரு மாடல் செய்றோம். ரெண்டு இடத்துல மாட்டிக்கிச்சு.

கெப்லரோட மூணாவது விதியில (தூரத்தை வெச்சு ஒரு சுத்துக்கு ஆகுற நேரத்தைக் கண்டுபிடிக்கிறது) போட்டா ஒரு சுத்துக்கு 3 மணி 55 நிமிஷம் வருது. எங்க பார்த்தாலும் 7 மணி 39 நிமிஷம்னு இருக்கு. தூரம் 6,000 கி.மீ. எடுத்தேன், பயிற்சித்தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு. செவ்வாய்க்கு ஜி.எம். மதிப்பு (ஈர்ப்பு மாறிலியை நிறையால பெருக்கினது) 42,828 கி.மீ.³/வி².

அடுத்தது, போபோஸ் மேற்கே உதிச்சுக் கிழக்கே மறையுமாம். அதனால நிலவுக் கம்பி செவ்வாய்ப் பந்துக்கு எதிர்த்திசையில சுத்துற மாதிரி ரெண்டு பல்சக்கரத்தைக் கடிக்க விட்டோம். மேற்கேதான் உதிக்குது. ஆனா கணக்குப்படி 6 மணி நேரத்துக்குள்ள மறுபடி வந்துடுது. 11 மணி ஆகணுமாமே?

ஈப்போ டீச்சர்:
தம்பி, 6,000 என்பது தரையிலிருந்து உயரம். விதிக்கு வேண்டியது செவ்வாயின் மையத்திலிருந்து தூரம். ஆரம் 3,390 கி.மீ. சேர்த்துப் போடுங்கள், 7 மணி 40 வரும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் 9,376. பயிற்சித்தாள் போட்டவர் 'மேற்பரப்பிலிருந்து' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். நம் நிலா 384,400 கி.மீ. தள்ளி இருக்கிறது, அங்கே பூமியின் ஆரத்தை விட்டாலும் விடை பெரிதாக அசையாது. போபோஸ் ஒட்டி உரசிக்கொண்டு சுற்றுகிறது. அதன் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செவ்வாயின் ஆரம்தான்.

திசைக்கு வருவோம். போபோஸ் பின்னோக்கிச் சுற்றவில்லை. செவ்வாய் தன்னைத்தானே சுற்ற 24 மணி 37 நிமிடம். போபோஸ் அதே திசையில் 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. தரையில் நிற்பவரை முந்திக்கொண்டே ஓடுவதால் மேற்கே தோன்றிக் கிழக்கே இறங்குகிறது. ஒரு முறை முந்தியபின் அடுத்து முந்த ஏறக்குறைய 11 மணி 6 நிமிடம். 1877 ஆகஸ்டில் வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தில் இதைக் கண்டுபிடித்த ஆசாஃப் ஹாலே, ஒரே இரவில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தெரிகிறதே, இரண்டு மூன்று நிலவுகளோ என்று முதலில் நினைத்தார். உங்கள் பிள்ளைகள் குழம்பினால் திட்டாதீர்கள்.

செவ்வாய் தன்னைத்தானே சுற்றுவதைவிட வேகமாக ஓடுவதால்தான் ஓதவிசை (அருகிலும் தொலைவிலும் ஈர்ப்பு வேறுபடுவதால் வரும் இழுப்பு) போபோஸைக் கீழே இழுக்கிறது. நூறு ஆண்டுக்குச் சுமார் 1.8 மீட்டர்.

ஆயில்மில் கை:
பல்சக்கரத்தைக் கழட்டுங்க தம்பி. நேரா கடிச்சா எதிர்த்திசைதான் போகும், செயின் போட்டா ரெண்டும் ஒரே பக்கம் சுத்தும். 24 மணி 37-ஐ 7 மணி 39-ஆல வகுத்தா 3.22 வருது. கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) ஸ்ப்ராக்கெட்டுல, அதான் செயின் ஓடுற பல்சக்கரத்துல, பின்னுக்கு 45 பல், முன்னுக்கு 14 பல் தேடுங்க, 3.21. இதைவிடக் கிட்ட எங்க கிடைக்கும்! பந்துத் தண்டுல 45, பக்கத்துத் தண்டுல 14. அந்தத் தண்டுல இருந்து சம பல்லு ரெண்டு வெச்சு இன்னொரு செயின் போட்டு, பந்துத் தண்டுமேல லூசா சுத்துற குழாய்க்குத் திருப்பிக் கொண்டாங்க. நிலவுக் கம்பியைக் குழாயில வெல்டு அடிங்க. பழைய ஸ்ப்ராக்கெட்டா இருந்தா பல்லு முனை கூராகித் தேஞ்சிருக்கா பாருங்க, செயின் எகிறும்.

லயத்துப் பையன்:
கணக்கு வந்துடுச்சு டீச்சர், 27,560 வினாடிக்குக் கிட்ட. அண்ணே, 45 பல்லு பட்டறையில கிடைச்சுது, 14-க்குச் சொல்லி வெச்சிருக்கேன். செவ்வாய்க்கு 22 செ.மீ. காற்பந்து. போபோஸுக்குப் பிங்பாங் பந்து போதுமா?

ஈப்போ டீச்சர்:
அளவுப்படி பார்த்தால் போபோஸ் ஒரு ரவை மணிதான், முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாது, பெரிதாகவே வையுங்கள். ஆனால் உருண்டை வேண்டாம். அது 27, 22, 18 கி.மீ. அளவில் கோணல்மாணலாக இருக்கும், களிமண்ணில் பிசையுங்கள். ஒரு பக்கம் 9 கி.மீ. அகலத்தில் ஸ்டிக்னி பள்ளம், அதற்குக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. நீள முனை எப்போதும் செவ்வாயைப் பார்த்தே இருக்கும், அதனால் கம்பியில் சுழலவிடாமல் பசை போட்டு ஒட்டிவிடுங்கள். கம்பி நீளம் பந்தின் மையத்திலிருந்து 30 செ.மீ., தோலிலிருந்து இல்லை.