டெல்லி குளிர்ல நடந்தது, மண்டைய விட்டுப் போகாத ஒண்ணு சொல்லுங்க

கரோல்பாக் வாசி:
மார்கழி, தை மாசத்துல டெல்லில இருந்தவங்க எழுதுங்க. எங்க போகலாம், என்ன பாக்கலாம்ங்கற லிஸ்ட் வேணாம், அது எங்க வேணா கிடைக்குது. ஒரு ஆள், ஒரு நிமிஷம், அது போதும்.

என்னோடது சாந்தினி சௌக் பக்கம் கினாரி பஜார், தௌலத் கி சாட். தெரியாதவங்களுக்கு மட்டும் ஒரு வரி: பாலை ராத்திரி பனியில வச்சு விடியறதுக்கு முன்னாடி கடைஞ்சு வர்ற நுரையை அள்ளி அள்ளி தாம்பாளத்துல மலை மாதிரி குவிச்சு மேல குங்குமப்பூ கலர்ல தடவி வச்சிருப்பாங்க, குளிர்காலத்துல மட்டும்தான், வெயில் ஏறினா கதை முடிஞ்சுது. எனக்கு முன்னாடி ஒரு ஜோடி. தொன்னைய கையில வாங்கினதுலேர்ந்து வீடியோ, ஒருதடவ நுரை பக்கத்துல, ஒருதடவ மூஞ்சி பக்கத்துல, அப்புறம் லைட் சரியில்லன்னு திரும்பி நின்னு மறுபடியும். கடைக்காரர் எனக்குப் போடாம அவங்களையே பாத்துட்டு இருந்தாரு. திடீர்னு கரண்டிய வச்சுட்டு அந்தப் பொண்ணு கையிலேர்ந்து தொன்னைய வாங்கி ரெண்டே வாய்ல தானே தின்னுட்டாரு. எல்லாரும் அப்படியே நிக்கிறோம். அப்புறம் புதுத் தொன்னை எடுத்து, நுரை வச்சு, கோவா தூவி, சக்கரை போட்டு நீட்டி, 'இத சாப்பிடு'ன்னாரு. காசு ஒண்ணுக்குத்தான் வாங்கினாரு.

அது கோவமா பாசமான்னு எனக்கு இன்னும் புரியல. அந்த ஆள் மூஞ்சில ஒண்ணுமே தெரியல.

பனாரஸ் ரிட்டர்ன்:
கோவம்தான் சந்தேகமே வேணாம். ஆனா அந்த நுரைக்கு இவ்ளோ பில்டப் தேவையா? அதே சரக்கு பனாரஸ்ல மலையோ, லக்னோல நிமிஷ். பனாரஸ்ல மண் குல்ஹட்ல குடுப்பாங்க, தின்னு முடிச்சதும் அதுலயே கொஞ்சம் குங்குமப்பூ பால் ஊத்துவாங்க பாருங்க, டெல்லிக்காரன் அதெல்லாம் செய்ய மாட்டான்.

சரி என் கதை. ஜனவரி 29, விஜய் சௌக், பீட்டிங் ரிட்ரீட், அதான் குடியரசு தின விழாவ முடிச்சு வைக்கிற ராணுவ பேண்டு நிகழ்ச்சி. எங்கயோ அலைஞ்சு பாஸ் வாங்கி உக்காந்தா காதுக்குள்ள ஊசி ஏத்துற காத்து. மேல நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டிட மதில்ல ஒட்டகம் வரிசையா நிக்குது, ஒண்ணு கூட அசையல, கீழ பேண்டு. என் பக்கத்துல ஒரு தாத்தா, ஒட்டுப்போட்ட ஆர்மி ஸ்வெட்டர். காந்திக்குப் பிடிச்ச அந்த கிறிஸ்தவப் பாட்டு, 'அபைட் வித் மீ', 2022லேர்ந்து அங்க வாசிக்கறது இல்ல, ஞாபகம் இருக்கும். பழைய நிகழ்ச்சி வரிசைல அது வர்ற இடம் அவருக்கு மனப்பாடம் போல, அங்க வேற என்னமோ ஓடிட்டு இருக்கு, இவரு கண்ண மூடிட்டு அதை முழுசா முணுமுணுத்தாரு. நடுவுல மணி அடிக்கும்ல, அந்த இடத்துக்கு நிறுத்திக் காத்திருந்து முட்டில விரலால தட்டி, மறுபடி ஆரம்பிச்சாரு. கடைசில கட்டிடம் மொத்தமும் லைட் போட்டப்போ எல்லாரும் ஹோன்னு கத்துறாங்க, இவரு மஃப்ளர சுத்திக்கிட்டு எழுந்து போயிட்டாரு. பேண்டுல இருந்தவரான்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அதுக்குள்ள கூட்டத்துல காணோம்.

மூச்சுத் திணறல்:
நுரை, பேண்டு எல்லாம் சரி, ஒருத்தர் கூட காத்த பத்தி வாய் திறக்கலயே? ஏக்யூஐ, அதான் காத்து மாசு அளவு, 400 தாண்டுற ஊர்ல விடியக்காலைல கினாரி பஜார் சந்துல நின்னு நுரை திங்கறது பெரிய சாதனைதான். நான் இருந்த வரைக்கும் நவம்பர்ல ஆரம்பிக்கிற இருமல் பிப்ரவரில தான் நிக்கும்.

எனக்கு ஞாபகம் இருக்கறது எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன். முனிர்கா பக்கம், ராத்திரி ரெண்டு மணி, ஸ்டேஷன்லேர்ந்து வரேன், பனில கேட்டே தெரியல, ஆரஞ்சு கலர்ல ஒரு பொட்டு மட்டும் தெரியுது. கிட்ட போனா பழைய செருப்பு, பிளாஸ்டிக் கவர், அட்டை எல்லாம் போட்டு எரிச்சுக் குளிர் காயறாரு. புகை தாங்க முடியல, இதெல்லாம் எரிக்காதீங்க பையா, உடம்புக்கு ஆகாதுன்னேன். அவரு சத்தமா கூட பேசல, 'ஹீட்டர் உங்க ரூம்ல இருக்கு சார்'னாரு, ஒரு செருப்ப எடுத்து உள்ள தள்ளினாரு. வாட்ச்மேனுக்கு எலக்ட்ரிக் ஹீட்டர் குடுக்கணும்னு மாசுக் கட்டுப்பாட்டு உத்தரவுலயே இருக்கு. எங்க அசோசியேஷன் மீட்டிங்ல எடுத்துச் சொன்னேன், கரண்ட் பில் யார் கட்டறதுன்னு அரை மணி நேரம் பேசிட்டு சமோசா சாப்பிட்டுக் கலைஞ்சாங்க.

ஆர்.கே.புரம் அக்கா:
தம்பி சொல்றது நியாயம்தான், ஆனா குளிர்னாலே பயந்து ஓடணும்னு இல்ல. புதுசா போறவங்க கவனிங்க. ஊர்லேர்ந்து ஸ்வெட்டர் வாங்கிட்டுப் போகாதீங்க, அது ஊட்டிக்கே பத்தாது. கஷ்மீரி கேட் தாண்டி திபெத்தியன் மார்க்கெட் இருக்கு, அங்க பேரம் பேசி வாங்குங்க. ஒரே தடியா ஒண்ணு போடறத விட உள்ள ஒரு இன்னர், மேல ஷர்ட், அதுக்கு மேல ஸ்வெட்டர்னு அடுக்கடுக்கா போடுங்க, மத்தியானம் வெயில் வந்தா கழட்டிக்கலாம். காதையும் காலையும் மூடினா பாதி குளிர் போயிடும். ரொம்ப முக்கியம், கரி அடுப்ப ரூமுக்குள்ள வச்சுக் கதவ சாத்தித் தூங்கிடாதீங்க, ஒவ்வொரு வருஷமும் அந்தப் புகையில குடும்பத்தோட செத்துப் போறாங்க, பேப்பர்ல வந்துட்டே இருக்கும், அந்த வாயு வாசனையே வராது. காலைல பார்க்ல ஓடாதீங்க, பதினோரு மணிக்கு மேல லோதி கார்டன் இல்ல சுந்தர் நர்சரி போய் புல்லுல வெயில் காயுங்க, ஆரஞ்சும் வேர்க்கடலையும் மடியில வச்சுக்கிட்டு, அதுதான் டெல்லி குளிர்காலமே. சக்கரவள்ளிக் கிழங்கு கரியில சுட்டு எலுமிச்சை பிழிஞ்சு மசாலா தூவி தருவாங்க, விடாதீங்க. கேரட் அல்வா செய்யறதுன்னா சிவப்பு கேரட், அது குளிருக்குத்தான் வரும், நம்ம ஊர் ஆரஞ்சு கேரட்ல அந்த ருசி வராது. பால் ஊத்தி சுண்டச் சுண்ட கிளறணும், மில்க்மெய்ட் ஊத்தறவங்க கிட்ட நான் பேசறதில்ல.

என் அனுபவம்னா, காய்காரர் ஒருத்தர் நான் கேரட்ட உடைச்சுப் பாத்து எடுக்கறதப் பாத்து 'மத்ராஸி ஆன்ட்டி முருங்கைக்காய்னு நெனச்சுட்டாங்க'ன்னு தெருவே சிரிக்கற மாதிரி சொன்னாரு. அவ்ளோதான்.

பனாரஸ் ரிட்டர்ன்:
அக்கா கதை ஒரு வரி, ரெசிபி ஒரு பக்கம்.

லாஜ்பத் நகர் பொண்ணு:
என்னோடது எங்க பாட்டி. திருநெல்வேலிலேர்ந்து முதல் தடவ வந்திருந்தாங்க, ரஜாய்க்குள்ள, அதான் பஞ்சுப் போர்வைக்குள்ள, போனவங்க வெளிய வரவே இல்ல, பாத்ரூம் போறதுக்குக் கூட அதை சுத்திக்கிட்டுதான். அந்த வருஷம் நம்ம போகியும் பஞ்சாபிக்காரங்க லோஹ்ரி பண்டிகையும் ஒரே நாள், ஜனவரி 13. சாயங்காலம் கீழ பஞ்சாபிக்காரங்க கட்டை அடுக்கி நெருப்பு போட்டு, டோல் அடிச்சுக்கிட்டு சுத்தி வந்து ரேவ்டி (எள்ளு மிட்டாய்), கடலை, பாப்கார்ன்னு நெருப்புல போடறாங்க, புதுசா கல்யாணம் ஆன ஒரு ஜோடிய நடுவுல நிக்க வச்சுப் பாட்டு. நான் பால்கனில நின்னு பாத்துட்டு இருக்கேன், திரும்பினா பாட்டிய காணோம். கீழ பாத்தா குல்லா, ஸ்வெட்டர், சேலைக்குக் கீழ அப்பாவோட சாக்ஸ், கையில எங்க வீட்டு கிழிஞ்ச பாய் சுருட்டு. நேரா கூட்டத்துக்குள்ள போயி பாயத் தூக்கி நெருப்புல போட்டுட்டு கும்பிட்டாங்க. டோல் நின்னுடுச்சு. எனக்கு உசுரே போச்சு, சாமி காரியத்துல குப்பைய போட்டாச்சுன்னு சண்டை வரும்னு மூணு மாடி இறங்கி ஓடறேன்.

நான் போறதுக்குள்ள பக்கத்து வீட்டு பிங்கி ஆன்ட்டி, என்னன்னு கேட்டாங்களோ பாட்டி என்ன சொன்னாங்களோ தெரியல, ரெண்டு பேருக்கும் பொது பாஷையே கிடையாது, விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போயி மாமியாரோட உடைஞ்ச பிரம்பு மோடா ஒண்ணத் தூக்கிட்டு வந்து அதுல போட்டாங்க. அந்த மாமியார் அங்கயே நிக்கிறாங்க! அவங்க பாத்த பார்வைய என்னால எழுத முடியாது. மறுபடி டோல் ஆரம்பிச்சுது, பாட்டி கை நிறைய ரேவ்டியோட நிக்கிறாங்க, பல்லு இல்லாம அத எப்படித் திங்கறதுன்னு தெரியாம.

மூச்சுத் திணறல்:
பாய் கோரையா, பிளாஸ்டிக்கா?

லாஜ்பத் நகர் பொண்ணு:
கோரைதான். பத்தமடை. இப்ப நிம்மதியா மூச்சு விடுங்க.